கடலில் மிதந்தபடி கேட்ட வெற்றி வெடி

என் மாமனாருக்குக் கடலோடு இருந்த பழக்கமெல்லாம் திருச்செந்தூரில் முங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே நாழிக்கிணற்றுக்கு நடப்பது வரைதான். அப்படிப்பட்டவர் ஒரு மோட்டார் போட் வாங்கி, அதில் என்னையும் தன் ஒரே மகனையும் ஏற்றித் தூத்துக்குடிக் கடலில் பந்தயத்துக்கு அனுப்பினார் என்றால் அதற்குக் காரணம் ஒரு பட்டாசு லேபிள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாமனாருக்குச் சிவகாசியை ஒட்டிய எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி. நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. கல்யாணமான முதல் வருஷம் சீசனுக்கு ஆள் பற்றவில்லை என்று மாமனார் கூப்பிட்டார். தீபாவளி லோடு ஏற்றிவிட்டுத் திரும்பலாம் என்று போனவன் அப்படியே சிவகாசியில் தங்கிவிட்டேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. “மாப்ளைக்கு நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கிருச்சு” என்று மட்டும் சொல்வார்கள்.

எங்கள் தொழிலில் வெடி எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரிதான் வெடிக்கும். வித்தியாசம் லேபிளில். கிளி, ரோஜாப்பூ, சிங்கம், தொட்டிலில் குழந்தை என்று ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துவைத்திருந்தார்கள். மாமனாருடையது அன்னாசிப்பழம். ஏன் அன்னாசிப்பழம் என்று நான் கேட்டதில்லை. அந்த நிலையில்தான் எதிர்க் கம்பெனிக்காரர் ஆகாய விமானம் போட்ட லேபிளை இறக்கினார். வடக்கே ஆர்டர் எல்லாம் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை.

“வானத்தை அவன் எடுத்துக்கிட்டான். இனி நமக்கு என்ன மிச்சம் இருக்கு?” என்றார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி.

“கடல் இருக்குல்லப்பா” என்றான் என் மச்சினன்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு இளையவன். மெட்ராஸில் காலேஜுக்குப் போய், படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தான். கறுப்புக் கண்ணாடி போடாமல் வாசலுக்கு வர மாட்டான். ஜீப், ஸ்கூட்டர், டிராக்டர் எதில் ஏறினாலும் ஓட்டுவான். மெட்ராஸ் ஹார்பரில் சிநேகிதனுடைய மோட்டார் போட்டை ஓட்டியிருப்பதாகச் சொன்னான். அது எத்தனை நேரம், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

மோட்டார் போட் லேபிள் அச்சாகி வந்தது. வரைந்த ஓவியர் கைதேர்ந்தவர். முருகனையும் மயிலையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். ஆனால் மோட்டார் போட்டைப் பார்த்ததில்லை. மோட்டார் என்ற சொல்லை நம்பி, முன்னால் ஹெட்லைட்டும் பக்கத்தில் ரப்பர் ஹாரனும் வைத்து வரைந்துவிட்டார். அதன் மேல் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கையில் கம்பி மத்தாப்புடன் நின்றாள். போட் பறக்கிற வேகத்திலும் அவள் தலையில் ஒரு முடி கலையவில்லை. மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

லேபிள் ஓரளவு ஓடியது. அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. தூத்துக்குடியில் எங்கள் சரக்கை எடுக்கும் ஏஜெண்ட் ஒரு நாள் கம்பெனிக்கு வந்தவர், காபி குடித்தபடி பேச்சுவாக்கில், “எங்க ஊர்ல கப்பல் கம்பெனிக்காரவுக எல்லாம் சேந்து தை மாசம் மோட்டார் போட் ரேஸ் விடுறாக. சனம் அம்புட்டும் கடற்கரையிலதான் நிக்கும்” என்றார்.

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் ஒரு செலவு நிச்சயம்.

சிலோனிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் பழைய போட் ஒன்று கிடைத்தது. மெல்லிய பலகையில் செய்தது. பின்னால் தொங்கவிடுகிற என்ஜின். லாரியில் வைக்கோல் பரப்பி, தேர் வருகிற மாதிரி அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மாமனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

“லேபிள்ல இருக்கிற மாதிரி இல்லையே” என்றார்.

“நிசப் போட்டே இப்படித்தான் இருக்கும் மாமா” என்றேன்.

“வாங்குறவன் லேபிளைத்தானே பாக்கான்? நிசத்தையா பாக்கான்?”

மறுநாளே பழைய காரிலிருந்து கழற்றிய ஹெட்லைட் ஒன்றை போட்டின் மூக்கில் போல்ட் போட்டு முறுக்கினார்கள். அது எரியாது, எரிய வேண்டிய அவசியமும் இல்லை. போட் முழுக்க சிவப்பும் மஞ்சளும் அடித்து, பக்கவாட்டில் கம்பெனிப் பெயரை எழுதினார்கள். பட்டுச்சேலைப் பெண்ணை மட்டும் உயிரோடு நிறுத்த முடியாது என்று மாமனாரே விட்டுவிட்டார்.

பந்தயத்தில் ஒரு போட்டுக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் போட்டின் முன்பாரத்தைப் பார்த்துக்கொள்ள. வேகம் எடுத்தால் போட்டின் மூக்கு மேலே தூக்குமாம். அப்போது ஒரு ஆள் முன்னால் நகர்ந்து அமுக்க வேண்டுமாம். மச்சினன் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே எல்லோருடைய கண்ணும் என் வயிற்றுக்கு வந்துவிட்டது. மாமியார் கைச் சாப்பாடு அப்படி.

“மாப்ளே, நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்” என்றார் மாமனார்.

நான் கல்யாணமான நாள் முதல் அவர் சொன்ன எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. வெடிமருந்து கலக்கிற கொட்டடிக்குள் சித்திரை வெயிலில் போய் நின்றிருக்கிறேன். உட்காருவதற்கு என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து, ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு கண்மாய் நிறைந்து கிடந்தது. எங்கள் பயிற்சி அங்கேதான். சாமி கும்பிட்டு, தேங்காய் உடைத்து, போட்டைத் தள்ளினார்கள். என்ஜின் சத்தத்தில் கரையில் மேய்ந்த மாடுகள் வேலி தாண்டி ஓடின. தண்ணீரில் படுத்திருந்த எருமைகள் மட்டும் நகரவில்லை. மச்சினன் அவற்றைச் சுற்றி வளைத்து ஓட்டக் கற்றுக்கொண்டான். கரையோரக் கிராமத்துச் சனங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். மூழ்கிக் கிடந்த கருவேலமர அடிக்கட்டையில் போட் இரண்டொரு தடவை ஏறி நின்றது. அப்போதெல்லாம் நாங்கள் இருவரும் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ளினோம்.

இடுப்பளவுத் தண்ணீர். மச்சினன் படகு ஓட்டப் படித்தது அந்த ஆழத்தில்தான் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பந்தயத்தன்று மாமனார் வண்டி கட்டி ஆள் கொண்டுவந்திருந்தார். கம்பெனி ஆட்கள், உறவுக்காரர்கள், மேளம், ஆளுயர ரோஜாப்பூ மாலை ஒன்று. படகுத்துறையில் இரண்டு சவுக்குக் கம்புகள் நட்டு, நாங்கள் ஜெயித்து வரும்போது வெடிக்க ஒரு பெரிய சரவெடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொளுத்துகிற பொறுப்பு கம்பெனிக் கணக்குப்பிள்ளைக்கு. அவர் கையில் ஊதுபத்தியோடு காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்.

மற்றப் போட்டிக்காரர்கள் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக இருந்தார்கள். நாங்கள் போட்டிருந்த சட்டை லேபிள் அடிக்கிற லித்தோ மிஷினில் அச்சடித்தது. நெஞ்சில் மோட்டார் போட் லேபிள், முதுகில் மோட்டார் போட் லேபிள். ஒரு கட்டு சரவெடிக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி இருந்தோம். போட்டைச் சோதித்துப் பார்க்க வந்த அதிகாரி ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்று கேட்டார்.

“டிரேட் மார்க்” என்றார் மாமனார்.

அந்த மனிதர் அடுத்த போட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தக்கை வைத்துத் தைத்த இரண்டு கனமான சட்டைகளை எங்களிடம் கொடுத்து, கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீரில் விழுந்தால் இதுதான் மிதக்க வைக்கும் என்றார். போட்டுக்கொண்டோம். மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாப்ளே, இது நெஞ்சையே மறைக்கே. அங்கன கப்பல்ல போட்டாப் படம் பிடிக்கிற ஆளை ஏத்தி விட்டிருக்கேன். தொறையைத் தாண்டுன உடனே இதைக் கழட்டி உள்ள வச்சிருங்க. படம் எடுத்த பெறகு மாட்டிக்கிடலாம்.”

கடலில் ஓடுகிற போட்டில் சட்டையைக் கழற்றி மாட்டுவது பந்தியில் துண்டை மாற்றிப் போடுகிற காரியம் என்று அவர் நினைத்திருந்தார். நானும் “சரி மாமா” என்றேன். துறையைத் தாண்டினதும் கழற்றினோம், காலுக்கடியில் போட்டோம்.

உள்துறையில் கடல் கண்மாய் மாதிரியேதான் இருந்தது. சரக்கு ஏற்றிய தோணிகள் பாய் விரித்து நின்றன. மச்சினன் அழகாக ஓட்டினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு போட்டுகளைத் தாண்டினோம். கப்பலிலிருந்து எங்கள் ஆள் படம் பிடித்ததைப் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கூட உட்கார்ந்தேன். பயம் போய் ஒரு திமிர் வந்துவிட்டது. விருதுநகரில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே வளர்ந்தவன், உப்புக் காற்றில் பறந்துகொண்டிருந்தேன்.

முயல்தீவுக்கு வெளிப்பக்கம் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். தீவின் மறைவு விலகியதும் கடல் வேறாகிவிட்டது. நிறம் மாறியது. தண்ணீர் மேடும் பள்ளமுமாக வந்தது. போட் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் பள்ளத்தில் விழுந்தபோது முதுகெலும்பு மண்டைக்குள் ஏறியது.

“மெதுவாப் போலே!” என்று கத்தினேன்.

“இன்னும் ஒருத்தன்தான் அத்தான் முன்னால இருக்கான்! நீங்க முன்னால போய் அமுக்குங்க!”

முன்னால் போன சிவப்புப் போட்டை அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். அது மிதவையைச் சுற்றித் திரும்பியபோது கிளப்பிவிட்ட அலையும் வெளிக்கடல் அலையும் எங்களுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்தன. எங்கள் மூக்கு வானத்தைப் பார்த்தது. நான் எனக்கு இட்ட வேலையைச் செய்தேன். முன்னால் பாய்ந்து அமுக்கினேன். மூக்கு இறங்கியது. இறங்கி, ஹெட்லைட்டோடு எதிரே வந்த தண்ணீர்ச் சுவரில் குத்தியது. அகலமான அந்தத் தகரக் கிண்ணம் கடலை அள்ளிப் பிடித்துக்கொண்டது. போட் நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை.

என் தாடை எதிலோ மோதியது. விலாவில் ஒரு சத்தம் கேட்டது. பச்சை விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். அப்புறம் எல்லாம் பச்சையாக இருந்தது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. வாயெல்லாம் உப்பும் பெட்ரோலும் ரத்தமும். சின்ன வயசில் தோட்டக் கிணற்றில் குதித்து விளையாடிய உடம்பு, தானாகவே காலை உதைத்தது. தலை வெளியே வந்ததும் முதலில் கேட்டது என்ஜினின் அலறல். போட் கவிழ்ந்து கிடக்க, விசிறி காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் இருமி இருமி அடங்கியது. அவ்வளவு பெரிய அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மச்சினனைக் காணவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தாடை ஒத்துழைக்கவில்லை, சொல் குழறித்தான் வந்தது. போட்டுக்கு மறுபக்கம் ஒரு கை தெரிந்தது. நீந்திப் போய்ச் சேர்ந்தபோது, அவன் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தொங்கினான். கறுப்புக் கண்ணாடி போய்விட்டது. கண் இரண்டும் பெரிதாகத் திறந்திருந்தன. அப்போதுதான் அந்த முகத்தில் அவன் அக்காளுடைய சாயல் இருப்பதைக் கவனித்தேன்.

“அத்தான், காலு போச்சு. வலது காலு எங்கனயோ ஆடுது.”

“போட்டைப் பிடிச்சுக்க. விட்டுறாத.”

“அத்தான்.”

“என்னலே?”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

கடலுக்கு நடுவில், உடைந்த விலாவோடு, நான் அவனை அறைந்திருப்பேன். கை இரண்டும் வேலையாக இருந்தன. அவன் சட்டைக் காலரைப் பிடித்து, கவிழ்ந்த போட்டின் அடிப்பலகை மேல் அவன் நெஞ்சை ஏற்றினேன். ஒவ்வொரு அலைக்கும் அவன் வழுக்கி இறங்கினான். ஒவ்வொரு தடவையும் இழுத்து ஏற்றினேன். காலுக்கடியில் போட்டிருந்த தக்கைச் சட்டைகள் இரண்டும் எங்களை விட்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஜோராக மிதந்து போயின. அந்த அதிகாரி சொன்னது பொய்யில்லை. நன்றாகத்தான் மிதந்தன.

பின்னால் வந்த போட்டுகள் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் மிதவையின் அந்தப் பக்கம் வளைந்துவிட்டார்கள். அலை மேடுகளின் மறைவில் நாங்கள் தெரிந்திருக்க மாட்டோம். யாரையும் குறை சொல்லவில்லை.

சாகப் போகிறோம் என்று நினைத்தேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நினைத்தேன். ஆனால் அது எனக்கு நியாயமாகவே படவில்லை. எங்கள் ஊரில் கொட்டடிக்குக் கொட்டடி மண் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு, பீடிக்குப் பயந்து, செருப்பின் ஆணிக்குப் பயந்து, வருஷம் முழுக்க நெருப்புக்கு மட்டுமே கவலைப்பட்டு வாழ்கிறோம். அதை எல்லாம் தாண்டி வந்த ஒருவன், ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்தால் பத்திரம் என்று நினைக்கிறவன், இவ்வளவு தண்ணீரில் கிடந்து சாவதா? மனைவியை நினைத்துக்கொண்டேன். அன்று காலை புறப்படும்போது, “நீங்க எதுக்குப் போறீக?” என்று கேட்டிருந்தாள். “சும்மா உக்கார” என்று சொல்லியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. கரையிலிருந்து காற்றில் மிதந்து வந்தது. பட படவென்று ஆரம்பித்து, நிற்காமல், அடுக்கடுக்காக. எங்கள் சரவெடிதான். பிறந்த பிள்ளை அழுவதைத் தாய் கண்டுபிடிக்கிற மாதிரி, எங்கள் கம்பெனி வெடியை எங்களுக்குத் தெரியாதா?

மச்சினன் தலையைத் தூக்கிக் கேட்டான்.

“அத்தான், நம்ம ஜெயிச்சுட்டமா?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்தால் விலா குத்தியது. “பேசாம இருலே” என்றேன்.

நடந்தது இது. எங்களுக்கு முன்னால் போன சிவப்புப் போட் முதலாவதாகத் துறைக்குத் திரும்பியிருக்கிறது. தூரத்தில் சிவப்பைக் கண்டதும் கணக்குப்பிள்ளை ஊதுபத்தியை வைத்துவிட்டார். ஒரு தடவை பற்றினால் எங்கள் சரவெடி நிற்காது. அதில் எங்கள் கம்பெனிக்குப் பெருமை உண்டு. துறை முழுக்கப் புகை. மேளக்காரர்கள் அடித்துத் தள்ளினார்கள். மாமனார் புகைக்குள் ஓடி, போட்டிலிருந்து இறங்கிய ஆளுக்கு அந்த ஆளுயர மாலையைப் போட்டுக் கட்டித் தழுவியிருக்கிறார். அவர் ஏதோ கப்பல் கம்பெனி அதிகாரி. தன் வெற்றிக்குச் சிவகாசியிலிருந்து இவ்வளவு பேர் வந்து கொண்டாடுவது கண்டு நெகிழ்ந்துபோய், மாமனாருடைய கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். புகை கலைந்த பிறகுதான் மாமனார் அவர் முகத்தைப் பார்த்தார்.

அதுவரை யாரும் கடலைப் பார்க்கவில்லை.

எங்களை எடுத்தது மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளம். அதில் நாலைந்து பேர். கவிழ்ந்த போட்டின் அடிப்பக்கச் சிவப்பைப் பார்த்து, ஏதோ பெரிய மீன் செத்து மிதக்கிறது என்று வந்தார்களாம். மச்சினனைத் தூக்கியபோது அவன் போட்ட அலறலில் ஒருவர் பயந்து கையை விட்டுவிட்டார், மறுபடி தூக்கினார்கள். என்னைத் தூக்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. எங்கள் இருவரையும் மீன் குவியலுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். சுக்கானைப் பிடித்திருந்த பெரியவர் என் நெஞ்சிலிருந்த லேபிளை உற்றுப் பார்த்தார்.

“வெடிக்காரவுகளா?”

தலையாட்டினேன்.

“வெடிக்காரவுகளுக்கு இங்கன என்னய்யா சோலி?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பாயைத் திருப்பச் சொன்னார்.

வள்ளம் கரையை நெருங்கும்போது நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். துறையை விட்டு விலகி, மணலிலிருந்து ஒரு மனிதர் தண்ணீருக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டி, ஜிப்பா, கழுத்தில் சங்கிலி. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியும் நிற்கவில்லை. இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். எங்கள் இரண்டு பேர் தலையும் அசைவதைப் பார்த்துவிட்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு அலை வந்து அவர் தலைக்கு மேலே போனது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்தோம். மச்சினனுக்குத் தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு விலாவில் பட்டை, தாடையில் கம்பி. கம்பி கட்டியிருந்ததால் பேச முடியாது. ஆகவே என் விபத்தை மற்றவர்கள் சொல்லக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று பஸ் பஸ்ஸாக உறவுக்காரர்கள் வந்தார்கள். ஆரஞ்சுப்பழத்தை என் தலைமாட்டில் அடுக்கினார்கள். கம்பி கட்டிய வாய்க்கு ஆரஞ்சு எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமனார் ஒவ்வொருவருக்கும் கதை சொன்னார். முதல் வாரம் அலை பனைமர உயரம். அடுத்த வாரம் கோபுர உயரம். அதற்கப்புறம் ஒரு சுறா வந்து சேர்ந்தது.

“மாப்ளை என்ன செஞ்சாக தெரியுமா? ஒரே குத்து!”

வந்தவர்கள் என் பக்கம் திரும்பி வாய் பிளந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் மனைவி மட்டும் கதை கேட்கவில்லை. வந்த நாளில் தம்பியின் காலைத் தடவிப் பார்த்தாள். என் தாடையைத் தொடப் போய் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் தம்பி ஏதோ உளறும்போது தக்கைச் சட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டான். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அறையில் அப்போது ஒரு கூட்டமே சுறாவுக்காகக் காத்திருந்தது.

“அப்பா, அந்தச் சட்டையைக் கழட்டச் சொன்னது யாரு?”

“அது வந்து தாயி… படம் தெளிவா விழணும்னு…”

“யாருப்பா?”

மாமனார் துண்டைக் கையில் முறுக்கினார். “நாந்தான்.”

அவள் ஆரஞ்சை உரித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி, சாப்பிடாமல் வைத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார். அன்றோடு சுறா செத்தது.

எங்கள் லேபிளும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்தது. செய்தி எப்படியோ வடக்கு வரை போயிருந்தது. ஆனால் மனிதர்கள் விழுந்ததாக இல்லை. சரக்கு லோடோடு போட் கடலில் கவிழ்ந்ததாகவும், அந்த வெடியைக் காயவைத்து விற்பதாகவும் பேச்சு. ஏஜெண்டுகள் மோட்டார் போட் என்றாலே பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். “நமுத்த சரக்கு வேண்டாம்” என்று ஆர்டரைத் திருப்பினார்கள். பல வருஷம் சித்திரை வெயிலில் காய்ந்த எங்கள் வெடிக்கு அந்தப் பெயர் வந்ததுதான் மாமனாருக்குப் பெரிய அடி. மறுபடி அன்னாசிப்பழத்துக்குப் போனார். எதிர்க் கம்பெனிக்காரர் அதற்கு முன்பே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, உண்மையான வருத்தத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானத்தில் மட்டும் ஏறிவிடாதீர்கள் என்று நான் அவருக்குச் சொல்ல நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

மாமியார் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். நான் பிழைத்தால் நான் தீச்சட்டி எடுப்பதாக. நேர்ந்தது அவர், எடுக்க வேண்டியது நான். ஆடி வெள்ளியில், வலி போகாத விலாவோடு, வேப்பிலைக்கு நடுவே எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நெருப்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் தெரிந்த மனிதரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மச்சினனுக்குக் கால் சேர்ந்தது, கொஞ்சம் குட்டையாக. இன்றைக்கும் சாய்ந்துதான் நடப்பான். அந்த நடையிலும் ஒரு மிடுக்குக் கொண்டுவந்துவிட்டான். கறுப்புக் கண்ணாடியும் புதிதாக வந்தது. கால் ஊன்ற ஆரம்பித்ததும் ஜீப் சாவியைக் கேட்டான். என் மனைவி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீச்சல் படிச்சிட்டு வா. தாரேன்.”

“ஜீப்புக்கு எதுக்குக்கா நீச்சல்?”

“கேக்காத. படிச்சிட்டு வா.”

மாமனார் தோட்டத்துக் கிணற்றில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை. மீசை வைத்த ஆள் குடுக்கை கட்டிக்கொண்டு தத்தளிப்பதைப் பார்க்கத் தோட்ட வேலைக்கு வந்த பெண்கள் கிணற்று மேட்டில் வரிசையாக நின்றார்கள். மாமனாரும் வந்து நின்றார். நிற்கிறவர் சும்மா நிற்க மாட்டாரே.

“ஏலே, காலை நல்லா உதை! கையை விரிலே! மாப்ளே, அவனை விட்டுருங்க, தன்னால மிதப்பான்!”

என் மனைவி துணி துவைக்கிற கல்லிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“அப்பா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

மாமனார் கிணற்றைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, தண்ணீர் தொடுகிற படி வரைக்கும் இறங்கி வந்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. அங்கே உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் கரையேறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.